கூப்பிடு தூரம்

அளத்தல் என்பது மாந்த அறிவின் மிகப் பழைய தொழில்களுள் ஒன்று. மனிதன் விரலால் அளந்தான், சாணால் அளந்தான், முழத்தால் அளந்தான், தன் கால் நடையைக் கொண்டு வழியை அளந்தான். அளவைகள் செம்மையுறச் செம்மையுற, ஐயங்கள் குறைந்தன, வழக்குகளும் குறைந்தன. இன்று எவ்விரண்டு ஊர்களுக்கும் இடைப்பட்ட வான்வழித் தொலைவைக் கேட்டாலும், ஒரு நொடியில் ஓர் எண் விடையாகக் கிடைத்துவிடுகிறது. அவ்வெண்ணைக் குறித்து எவரும் வாதிடுவதில்லை. கணிதம் தந்த விடை அது. அதில் அறத்திற்கு என்ன வேலை என்றே பலரும் கருதுவர்.

ஆயினும், தமிழர் வழக்கில் வேறோர் அளவும் இருந்து வந்திருக்கிறது. "ஊர் எவ்வளவு தொலைவு?" என்று வழிப்போக்கன் வினவினால், "கூப்பிடு தூரந்தான்" என்று மறுமொழி சொல்வது நாட்டுப்புறத்து இயல்பு. இந்த அளவு எந்த அளவுகோலிலும் பொறிக்கப்படவில்லை. இதற்குக் குரல் கொடுப்பவன் ஒருவன் வேண்டும். அக்குரலைச் செவிமடுப்பவன் ஒருவன் வேண்டும். செவிமடுத்தவன் எழுந்து வரவும் வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்தத் தூரம் கூப்பிடு தூரம் ஆகாது. அடுத்த வீட்டுக்காரன் காது கொடாவிடில், அவன் வீடும் தொலைவே. கடல் கடந்தவன் செவி சாய்த்தால், அவனும் அண்மையனே.

இவ்விரு அளவுகளுக்கும் இடையே ஓர் அறவினா ஒளிந்து நிற்கிறது. ஓர் ஊருக்கும் மற்றோர் ஊருக்கும் உள்ள தொலைவு இயற்கை இட்டதா, மனிதன் இட்டதா? மனிதன் இட்டதாயின், அத்தொலைவின் சுமையைத் தாங்க வேண்டியவர் யார்? இவ்வினாவை வெறும் சொற்களால் ஆராய்வதைவிட, உண்மையான இரண்டு ஊர்களை முன்னிறுத்தி ஆராய்வது பயன் தரும். உலகப் படத்தின் உச்சியில், பலருடைய பார்வையும் எட்டாத இடத்தில், அத்தகைய இரண்டு ஊர்கள் இருக்கின்றன.

கனடா நாட்டின் வடகோடியில் நூனவுட் என்னும் ஆட்சிப்பகுதி உள்ளது. 1999ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தனி ஆட்சிப்பகுதியாக மலர்ந்த அந்நிலத்தில் வாழ்வோரில் பெரும்பாலோர் இனுயிட் மக்கள். அங்கே எல்ஸ்மியர் தீவின் தென்கரையில் கிரைஸ் ஃபியோர்டு என்னும் சிற்றூரும், கார்ன்வாலிஸ் தீவின் தென்கரையில் ரெசலூட் என்னும் சிற்றூரும் உள்ளன. 2021ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி முன்னதில் 144 பேர். பின்னதில் 183 பேர். இரண்டையும் கூட்டினாலும், நம் நாட்டுத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் மாணவர் தொகைக்கு ஒப்பாகும். இனுயிட் மொழியில் கிரைஸ் ஃபியோர்டுக்கு அவுயுயித்துக் என்று பெயர். ஒருபோதும் பனி உருகாத இடம் என்பது அதன் பொருள். ரெசலூட்டுக்குக் கவ்சுயித்துக் என்று பெயர்; விடியல் இல்லாத இடம் என்பது அதன் பொருள். பெயர்கள் பொய்யுரைக்கவில்லை. நவம்பர்த் தொடக்கத்தில் மறையும் கதிரவன், பிப்ரவரித் திங்களில்தான் அவ்வூர்களில் மீண்டும் முகம் காட்டுகிறான்.

இவ்விரண்டு ஊர்களுக்கும் இடைப்பட்ட வான்வழித் தொலைவு ஏறத்தாழ 380 கிலோமீட்டர். கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் நேர்கோட்டில் உள்ள தொலைவு சுமார் 300 கிலோமீட்டர் என்பதை நினைத்துப் பார்த்தால், இது பெரிய தொலைவன்று. நம் பகுதியில் இதனைக் காலையில் கடந்து, பணி முடித்து, மாலையில் திரும்பிவிடலாம். ஆனால் வடகோடியில் அதே எண் அதே பொருளைத் தருவதில்லை.

முதலில், வகுப்பறைச் சுவரில் தொங்கும் உலகப் படமே நம்மை ஏமாற்றுகிறது. 1569ஆம் ஆண்டில் மெர்க்கேட்டர் என்பார் வகுத்த முறையில் அமைந்த படங்களில், தீர்க்கக் கோடுகள் ஒன்றோடொன்று சேராமல் இணையாகச் செல்கின்றன. உண்மையான நிலவுருண்டையிலோ, அக்கோடுகள் துருவத்தை நோக்கி நெருங்கிக் கொண்டே போகின்றன. நிலநடுக்கோட்டில் ஒரு பாகைத் தீர்க்கத்திற்கு 111 கிலோமீட்டர். 76ஆம் பாகை வட அகலாங்கில் அதே ஒரு பாகைக்குச் சுமார் 27 கிலோமீட்டர்தான். கிரைஸ் ஃபியோர்டுக்கும் ரெசலூட்டுக்கும் இடையே ஏறக்குறைய 12 பாகைத் தீர்க்க வேறுபாடு உண்டு. நிலநடுக்கோட்டின் அருகே அந்த வேறுபாடு 1,300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட இடைவெளியாகும். ஆகவே, சுவர்ப்படம் அவ்வூர்களை ஏறத்தாழ நான்கு மடங்கு விலக்கிக் காட்டுகிறது. படத்தை நம்பும் மாணவன் தொலைவை மிகுத்து எண்ணுவான். உருண்டையை அளக்கும் மாணவன் திருத்திக்கொள்வான். இது கருவியின் குறை; கருவியால் திருத்தப்படக்கூடிய குறை.

இரண்டாவது, நேர்கோடு என்பது பறவைக்கு உரியது. ரெசலூட்டிலிருந்து கிழக்கு வடகிழக்காகக் கோடொன்று இழுத்தால், அது வெலிங்டன் கால்வாய் என்னும் கடற்பகுதியைத் தாண்டும். பின்பு டெவன் தீவைத் தாண்டும். பின்பு ஜோன்ஸ் நீரிணையைத் தாண்டி எல்ஸ்மியர்க் கரையை அடையும். டெவன் தீவு 55,000 சதுரக் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்புடையது. மக்கள் குடியிராத தீவுகளுள் உலகிலேயே பெரியது. அந்த வழியில் ஊர் இல்லை, சாவடி இல்லை, சாலை இல்லை. நூனவுட்டில் உள்ள 25 ஊர்களை ஒன்றோடொன்று பிணைக்கும் நெடுஞ்சாலை என்று எதுவுமே இல்லை. கோடையில் சரக்குக் கப்பல் வரும்; மற்றக் காலங்களில் வானமே வழி. திசைகாட்டும் ஊசியும் அங்கே நம்பத்தக்கதன்று.

அவ்வழியில் செல்லத்தக்க வானூர்தி ட்வின் ஓட்டர் என்னும் சிற்றூர்தி. 1965இல் முதன்முதலாகப் பறந்த அவ்வகை ஊர்தி, இரண்டு சுழல்விசிறிப் பொறிகளைக் கொண்டது. குறுகிய கற்பரப்பு ஓடுபாதையிலும் ஏறி இறங்க வல்லது. கிரைஸ் ஃபியோர்டில் மலைக்கும் கடலுக்கும் நடுவே கிடைத்த சிறிய இடத்தில்தான் ஓடுபாதை அமைந்திருக்கிறது. வானம் தெளிந்திருந்தால் 380 கிலோமீட்டரை ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் கடந்துவிடலாம். வானம் தெளியாவிட்டால்? மூடுபனியும் காற்றும் விலகும் வரையில் பயணி காத்திருக்க வேண்டும். ஒரு நாளாகலாம், பல நாளாகலாம். வடபுலத்து இனுயிட் மக்கள் பழைய காலத்தில் பயணத்தின் நீளத்தை, வழியில் எத்தனை இரவு உறங்க நேரும் என்று கணக்கிட்டே சொன்னார்கள். கிலோமீட்டர் கணக்கைவிட அக்கணக்கே அந்நிலத்திற்குப் பொருந்தியது. நிலத்தின் நீளத்தோடு பனியின் நிலை, காற்றின் வேகம், நாய்களின் வலிமை, மனிதனின் களைப்பு ஆகிய அனைத்தும் அதனுள் அடங்கிவிடும் அன்றோ?

இதுவரை கூறியவை இயற்கையின் செயல்கள். படம் பொய் சொல்லலாம். மேகம் வழி மறிக்கலாம். இவற்றிற்காக எவரையும் குற்றங்கூற இயலாது. ஆனால் அவ்விரண்டு ஊர்களின் நடுவே உள்ள 380 கிலோமீட்டருக்கு ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றை அறிந்த பின்னர், அவ்வெண்ணை வெறும் எண்ணாகக் காண்பது கடினம்.

1953ஆம் ஆண்டுக்கு முன்னர், இன்றைய கிரைஸ் ஃபியோர்டு மக்களின் குடும்பங்கள் அங்கே வாழவில்லை. அவர்களின் முன்னோருள் பெரும்பாலோர் ஹட்சன் விரிகுடாவின் கிழக்குக் கரையில், கியூபெக் மாநிலத்தின் வடபகுதியிலுள்ள இனுக்ஜுவாக் என்னும் ஊரைச் சார்ந்தோர். அது 58ஆம் பாகை வட அகலாங்கில் உள்ளது. அங்கும் பனி உண்டு. ஆனால் குளிர்காலத்திலும் நாள்தோறும் கதிரவன் எழுவான். பழுத்த சிறு கனிகளும் பறவைகளும் மீனும் கிடைக்கும். 1953இலும் 1955இலும் கனடிய அரசு, இனுக்ஜுவாக் குடும்பங்கள் பலவற்றைக் கப்பலில் ஏற்றி, சுமார் 2,000 கிலோமீட்டர் வடக்கே கொண்டு சென்று குடியமர்த்தியது. உயர்வடக்கின் வாழ்க்கையைக் கற்பிப்பதற்காகப் பாண்ட் இன்லெட் என்னும் ஊரிலிருந்து சில குடும்பங்களும் உடன் சேர்க்கப்பட்டன. ஏறத்தாழ 90 பேர் இவ்வாறு இடம் பெயர்க்கப்பட்டனர்.

அவர்களுக்குச் சொல்லப்பட்டது என்ன? வேட்டை வளம் மிக்க நிலத்திற்குச் செல்கிறீர்கள் என்று சொல்லப்பட்டது. விரும்பாவிடில் இரண்டு ஆண்டுகளில் திரும்பி வரலாம் என்றும் சொல்லப்பட்டது. சொல்லப்படாதது என்ன? எவ்வளவு தொலைவு என்பது சரிவரச் சொல்லப்படவில்லை. அந்நிலம் தாய்நிலத்தினின்று எவ்வளவு வேறுபட்டது என்பது சொல்லப்படவில்லை. எல்லாவற்றிற்கும் மேலாக, அனைவரும் ஓரிடத்தில் சேர்ந்து வாழப் போவதில்லை என்பதும் சொல்லப்படவில்லை. வடக்கே சென்று சேர்ந்த பின்னரே, சிலர் எல்ஸ்மியர்த் தீவுக்கும் சிலர் கார்ன்வாலிஸ் தீவுக்கும் என்று பிரிக்கப்படுவதை அவர்கள் அறிந்தனர். உடன்பிறந்தாரும் உற்றாரும் ஒரு கப்பலில் ஏறினர். இரண்டு கரைகளில் இறங்கினர். அந்தப் பிரிவினையின் பெயர்தான் 380 கிலோமீட்டர்.

முதற்குளிர்காலத்தைத் துணிக் கூடாரங்களில் கழித்தனர். மூன்று திங்கள் நீண்ட இருளை அவர்கள் அதற்கு முன் கண்டதில்லை. கத்தூரி எருமைகளைக் கொல்லலாகாது என்று சட்டம் தடுத்தது. பாண்ட் இன்லெட் மக்களின் பேச்சு வழக்கும் பழக்க வழக்கங்களும் வேறு. ஆயினும் இரு திறத்தாரும் ஒருவரையொருவர் சார்ந்து பிழைத்தனர். இரண்டு ஆண்டுகள் கழிந்தன. திரும்பிச் செல்லும் வாக்குறுதியை நிறைவேற்ற எவரும் முன்வரவில்லை. தம் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று அவர்கள் விடுத்த வேண்டுகோள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் செவியேறவில்லை. கூப்பிட்டவர்கள் இருந்தார்கள், கேட்டு எழுந்து வருவார் இல்லை. அந்த முப்பது ஆண்டுகளில் வானூர்திகள் விரைவு பெற்றன. வானொலியும் தொலைபேசியும் பெருகின. கருவிகள் தொலைவைச் சுருக்கிக்கொண்டே வந்தன. ஆனால் அவ்வூர்களுக்கும் ஆட்சியாளர் செவிக்கும் இடைப்பட்ட தொலைவு சுருங்கியதாகச் சொல்வதற்கில்லை.

இங்கே எதிர்வாதங்களையும் நேர்மையாகக் கேட்பது அறிவுடையார் கடன். முதலாவது வாதம் நல்லெண்ணத்தைப் பற்றியது. இனுக்ஜுவாக் பகுதியில் நரித்தோல் விலை வீழ்ந்திருந்தது; வேட்டை விலங்குகள் மக்கள்தொகைக்குப் போதா என்று அதிகாரிகள் கருதினர்; அரசு உதவியை நம்பி வாழ்வதினும் புது நிலத்தில் தற்சார்போடு வாழ்வது மேல் என்று எண்ணினர். இவ்வெண்ணம் சிலரிடமேனும் மெய்யாகவே இருந்திருக்கலாம். வட துருவத் தீவுகளின்மேல் தன் இறைமையை உறுதி செய்துகொள்ளும் நோக்கமும் அரசுக்கு ஒரு காரணமாயிற்று என்பதைப் பிற்கால ஆய்வு காட்டியது. அதனை ஒருபுறம் வைத்துவிட்டு, நல்லெண்ணம் ஒன்றே இருந்தது என்று கொள்வோம். அப்பொழுதும் வினா தீர்வதில்லை. பிறனுக்கு நன்மை செய்யப் புறப்படுபவன் உண்மையை மறைத்தால், அவனுடைய இசைவைத் திருடுகிறான். எங்கே செல்கிறோம், எவ்வளவு தொலைவு, யாருடன் இருப்போம், எப்பொழுது திரும்புவோம் என்னும் நான்கு வினாக்களுக்கும் விடை அறியாமல் ஒருவன் தலையசைத்தால், அதனை இசைவு என்று அழைப்பது சொல்லுக்கு இழைக்கும் தீங்கு. நோயாளிக்கு மருந்து நல்லதே ஆயினும், அது என்னவென்று சொல்லாமல் ஊட்டும் உரிமை மருத்துவனுக்கு இல்லை அன்றோ?

இரண்டாவது வாதம் அறிவியலை நம்பி எழுவது. "இன்று வானூர்தி இருக்கிறது, ஒன்றரை மணி நேரத்தில் கடக்கக்கூடிய வழியைப் பற்றி இவ்வளவு வருந்துவானேன்?" என்று கேட்கலாம். இதற்கு விடை காண, கிரைஸ் ஃபியோர்டில் வாழும் கருவுற்ற தாய் ஒருத்தியின் நிலையைக் கருதுக. அவ்வூரில் செவிலியர் பணிபுரியும் நலவாழ்வு நிலையம் உண்டு, மருத்துவமனை இல்லை. பேறுகாலத்திற்குச் சில வாரங்களுக்கு முன்பே அவள் வானூர்தியேறித் தெற்கே செல்ல வேண்டும். ஆட்சிப்பகுதியின் தலைநகரான இக்கலுயிட் சுமார் 1,500 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. சிலர் ஒட்டாவா வரையும் செல்ல நேர்கிறது. மூத்த பிள்ளைகளை விட்டுப் பிரிந்து, அறியாத ஊரில் நாளெண்ணிக் காத்திருக்கும் அவளுக்கு, வானூர்தியின் வேகம் எவ்வளவு ஆறுதல் தரும்? பொறி வழியின் நேரத்தைக் குறைக்கும். போவதா, இருப்பதா, எப்பொழுது மீள்வது என்று முடிவு செய்யும் உரிமையைப் பொறி தருவதில்லை. தன் விருப்பால் ஆயிரம் கிலோமீட்டர் பறப்பவனுக்கு அது உலா. வேறு வழியின்றிப் பறப்பவருக்கு அது பிரிவு. இரண்டையும் ஒரே எண்ணால் குறிப்பது கணிதத்திற்குச் சரி, வாழ்க்கைக்குச் சரியன்று.

மூன்றாவது வாதம் எண்ணிக்கையைக் காட்டி அச்சுறுத்துவது. முந்நூறு சொச்சம் பேருக்காக ஓடுபாதையும் வானூர்தியும் செவிலியரும் பள்ளியும் வைத்திருப்பது செலவு மிகுந்த செயல். அதே பணத்தைப் பெருநகரில் செலவிட்டால் ஆயிரக்கணக்கானோர் பயன் பெறுவர் அன்றோ என்பது அது. பெரும்பான்மையோர் நலனே அறம் என்று கொள்வோருக்கு இவ்வாதம் வலியதாகத் தோன்றும். ஆனால் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அம்மக்கள் தாமாகத் தேடிச் சென்று அத்தொலைவில் குடியேறியிருந்தால், செலவைப் பற்றிய கணக்கு ஒரு விதம். அவர்களை அங்கே கொண்டுபோய் வைத்ததே அரசாக இருக்கும்போது, கணக்கு முற்றிலும் வேறு. ஒருவனைக் கிணற்றில் இறக்கிவிட்டவன், மேலே தூக்கும் கயிற்றின் விலையைச் சொல்லி வருந்தலாகாது. தொலைவை உண்டாக்கியவன் எவனோ, அத்தொலைவைக் குறைக்கும் கடனும் அவனையே சாரும். அது கொடையன்று, கடன். கொடை கொடுப்பவன் விருப்பத்தைப் பொறுத்தது. கடன், பெறுவோன் உரிமையைப் பொறுத்தது.

நான்காவது வாதமே மிகவும் நுண்ணியது. "அக்குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று கிரைஸ் ஃபியோர்டையும் ரெசலூட்டையும் தம் தாயகமாகவே போற்றுகின்றனர். அங்கே பிறந்தனர்; அங்கே வேட்டை கற்றனர்; அந்த மலையையும் கடலையும் நேசிக்கின்றனர். அவ்வாறாயின் பழைய தீங்கு அழிந்துபோயிற்று எனலாமே?" என்பது அவ்வாதம். இதற்கு விடையை 1989ஆம் ஆண்டின் நிகழ்ச்சியே தந்துவிட்டது. அவ்வாண்டில் அரசு உதவியோடு சுமார் நாற்பது பேர் தெற்கே திரும்பினர். முதியோர் பலருக்கு அது தாய்மண்ணுக்கு மீளும் பயணம். ஆனால் இளையோரில் பலர் வடக்கிலேயே தங்கிவிட்டனர். அதுவே அவர்கள் அறிந்த மண். பெற்றோர் ஒருபுறம், பிள்ளைகள் மறுபுறம் எனக் குடும்பங்கள் மீண்டும் பிளவுண்டன. முதற்பிரிவை உண்டாக்கியது கப்பல். இரண்டாம் பிரிவை உண்டாக்கியது, அக்கப்பலின் பிழையைத் திருத்த வந்த வானூர்தி. ஒரு தவறான தொலைவை ஏற்படுத்துவது எளிது. அதனை அழிப்பது எளிதன்று. இடையில் வாழ்க்கை வளர்ந்துவிடுகிறது. வளர்ந்த வாழ்க்கைக்கு வேர் உண்டாகிவிடுகிறது. பாறையில் வேர்விட்ட செடியின் பெருமை செடிக்கே உரியது. அதனைப் பாறையில் எறிந்த கை அந்தப் பெருமையில் பங்கு கேட்க முடியாது.

செவி சாய்க்கும் காலம் மெல்ல மெல்லத்தான் வந்தது. அரசின் ஏற்பாட்டில் 1990இல் வெளிவந்த ஓர் அறிக்கை, அரசு தவறிழைக்கவில்லை என்றே கூறியது. பின்னர், பழங்குடி மக்களுக்கான அரச ஆணையம் இம்மக்களை நேரில் அழைத்து, அவர்கள் வாய்மொழியைக் கேட்டு, 1994இல் தன் அறிக்கையை வெளியிட்டது. அரசு மன்னிப்புக் கோர வேண்டும் என்றும் இழப்பீடு தர வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது. 1996இல் ஒரு கோடிக் கனடிய வெள்ளி கொண்ட அறநிதி அமைக்கப்பட்டது. முறையான மன்னிப்பு 2010ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 18ஆம் நாள் இனுக்ஜுவாக் ஊரிலேயே அமைச்சர் ஜான் டங்கன் வாயிலாகக் கேட்கப்பட்டது. புதிய ஊர் எவ்வளவு தொலைவு என்பதும், தாம் இரு கூறாகப் பிரிக்கப்படுவோம் என்பதும் அம்மக்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை என்பதை அந்த மன்னிப்புரை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. அவ்வாண்டிலேயே கிரைஸ் ஃபியோர்டிலும் ரெசலூட்டிலும் நினைவுச் சின்னங்கள் எழுந்தன. முதற்கப்பல் சென்ற 1953க்கும் இந்த 2010க்கும் இடையே 57 ஆண்டுகள். குரல் எழுந்த இடத்திலிருந்து செவி சென்று சேர எடுத்துக்கொண்ட காலம் அது. உலகின் எந்த வான்வழித் தொலைவையும்விட நெடிய தொலைவு அது என்று சொல்லத் தோன்றுகிறது.

தமிழிலக்கியம் பயின்றோர் நினைவுக்கு இவ்விடத்தில் கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் வருவர். ஒருவர் உறையூர் ஆண்ட வேந்தர். மற்றவர் பாண்டிய நாட்டுப் புலவர். இருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. சோழன் வடக்கிருந்து உயிர்நீக்கத் துணிந்தபோது, தன் நண்பர் வருவார் என்று அவருக்கும் ஓர் இடம் ஒதுக்கச் சொன்னான். புலவரும் வந்து சேர்ந்தார். காணாத நட்பு, நாட்டெல்லையைக் கடந்த கதை அது. மனம் ஒன்றியிருந்தால் தொலைவு ஒரு பொருட்டன்று என்று இக்கதையைக் கொண்டு சொல்வது வழக்கம். அது பெரிய உண்மை. ஆயினும் அவ்வுண்மையைப் பிறர்மேல் ஏவுவதற்கு எவருக்கும் உரிமை இல்லை. பிசிராந்தையார் தாமே நடந்தார். எவரும் அவரை ஏற்றிச் செல்லவில்லை. திரும்பும் வழியை எவரும் அடைக்கவுமில்லை. பிரிக்கப்பட்ட குடும்பத்தைப் பார்த்து, "அன்பிருந்தால் தொலைவு என்ன செய்யும்?" என்று பிரித்தவனே அறிவுரை கூறினால், உயர்ந்த கருத்தும் இழிந்த பொய்யாகிவிடும். தொலைவை வெல்லும் ஆற்றல் அன்புக்கு உண்டு என்பதனால், அன்பைச் சோதிக்கத் தொலைவை உண்டாக்கலாம் என்று ஆகாது.

இவற்றால் பெறப்படும் முடிவு யாது? இரண்டு ஊர்களின் தொலைவில் மூன்று கூறுகள் உள்ளன. ஒன்று, நிலவுருண்டையின்மேல் அளக்கப்படும் நீளம். அதனை இயற்கை வகுத்தது. மற்றொன்று, அந்நீளத்தைக் கடக்கும் காலமும் செலவும் இடரும். அவற்றை இயற்கையும் மனிதக் கருவியும் சேர்ந்து வகுக்கின்றன. மூன்றாவது, போகவும் மீளவும் ஒருவனுக்குள்ள உரிமை. இதனை வகுப்பவர் மனிதரே. முதலாவதைக் கணிதம் திருத்தும். இரண்டாவதைப் பொறியியல் குறைக்கும். மூன்றாவதை அறம் ஒன்றே சீர்செய்யும். இம்மூன்றாவது கூறு கெட்டுப்போனால், எஞ்சிய இரண்டும் செம்மையாக இருந்தும் பயனில்லை. அக்கூறு செம்மையாக இருந்தாலோ, விடியலற்ற தீவிலும் மனிதன் தன் வீட்டில் இருப்பவனாகவே வாழ்வான்.

நிலநூல் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இதில் ஒரு பணி இருக்கிறது. நிலப்படத்தில் இரண்டு புள்ளிகளைக் காட்டி, இடைப்பட்ட தொலைவை அளந்து வரும்படி மாணவரைப் பணிக்கிறோம். அளவுகோலை வைத்து, வீதத்தால் பெருக்கி, விடையை எழுதுகிறார்கள். நாமும் சரியெனக் குறியிடுகிறோம். அந்தக் குறியிடுதலோடு பாடம் நின்றுவிடலாகாது. இப்புள்ளியில் வாழ்பவர் யார், இவர் இங்கே எவ்வாறு வந்தார், இவருடைய உற்றார் எப்புள்ளியில் இருக்கின்றனர், இவர் நினைத்தால் அங்கே செல்ல முடியுமா, சென்றவர் திரும்ப முடியுமா என்று மேலும் நான்கைந்து வினாக்களைக் கேட்கும் பழக்கத்தை மாணவர் உள்ளத்தில் விதைத்தல் வேண்டும். இவ்வினாக்களுக்கு விடை தேடும் மாணவன் நிலநூலோடு வரலாறும் கற்பான். வரலாற்றோடு அறமும் கற்பான். நாளை அவனே ஓர் அலுவலகத்தில் அமர்ந்து, மக்களை இடம் மாற்றும் ஆணை ஒன்றில் கையெழுத்திட நேரலாம். அப்பொழுது அவன் கண்முன்னே இருப்பது ஒரு படமும் சில புள்ளிகளுமே. அப்புள்ளிகளில் மனிதர் குரல் கேட்கும் செவியை அவனுக்குப் பள்ளிப் பருவத்திலேயே தந்திருந்தால், அவன் ஆணையிடும் முன்னர் அம்மக்களிடம் உண்மையைச் சொல்வான். அவர்களின் விடைக்குக் காத்திருப்பான். திரும்பும் வழியைத் திறந்தே வைப்பான்.

அவுயுயித்துக்கிலும் கவ்சுயித்துக்கிலும் இன்றும் மக்கள் வாழ்கிறார்கள். அங்கே பள்ளிகள் நடக்கின்றன, பிள்ளைகள் விளையாடுகிறார்கள், வானம் தெளியும் நாளில் சிறிய வானூர்தி வந்து இறங்குகிறது. அவர்களுக்கு இடைப்பட்ட 380 கிலோமீட்டரை எவராலும் குறைக்க இயலாது. அவர்கள் கூப்பிட்டால் கேட்கும் தொலைவில் நாட்டின் ஆட்சியும் உலகின் மனச்சான்றும் இருக்க வேண்டும் என்பதே அறத்தின் எதிர்பார்ப்பு. அது நிறைவேறுவது கருவிகளைப் பொறுத்ததன்று. கேட்பவர் மனத்தைப் பொறுத்தது.